வெடித்த ரைபிளை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

போன ஐப்பசியில் புஞ்சைப் புளியம்பட்டிப் பக்கமிருந்து என் பங்காளி முறைத் தம்பி போன் செய்தான். அவன் அப்பா காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் .315 ரைபிள். உரிமம் புதுப்பித்த கையோடு சுட்டுப் பார்த்துவிடலாம் என்று சுடுகளத்துக்கு எடுத்துப் போயிருக்கிறான். முதல் தோட்டாவிலேயே குழலின் முனை கிழிந்து விரிந்துவிட்டது. "ஏனுங்கண்ணா, இரும்பே சரியில்லீங்களாட்ட இருக்குது" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் தோட்டாவைக் குறை சொன்னார்களாம். முன்கையில் ஒரு கீறல் தவிர அவனுக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடி போட்டிருந்தான்.

நான் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப்செட் பவுண்டரியில் 31 வருஷம் தரச் சோதனையில் இருந்தவன். உடைந்த ஷாப்ட், வெடித்த கேசிங் என்று தினமும் யாராவது மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். வைக்கும்போதே காரணத்தையும் சொல்லிவிடுவார்கள், அது பாதிக்கு மேல் தப்பாகவே இருக்கும். ரைபிளிலும் அப்படித்தான். முதலில் வாயில் வரும் காரணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உடைந்ததைப் படிக்க வேண்டும்.

ஆளுக்கு வைத்தியம் பார்த்தாயிற்று என்றால், அடுத்து மேகசினில் மிச்சத் தோட்டா இருக்கிறதா என்று களப் பொறுப்பாளர் பார்க்கட்டும். போல்ட், அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் தண்டு, இறுகியிருந்தால் தட்டித் திறக்க வேண்டாம். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அந்த வேலைக்கென்றே உரிமம் பெற்றவர் மட்டுமே துப்பாக்கியைப் பழுது பார்க்கலாம், சோதிக்கலாம். அதனால் தெரிந்த லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. நான் பார்த்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில், கடைக்காரரும் தம்பியும் பக்கத்தில் இருக்கத்தான்.

கிடப்பதை அப்படியே படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. சில்லுகளைத் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். துடைக்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள். உடைந்த இரண்டு முகங்களைப் பொருந்துகிறதா என்று சேர்த்துப் பார்க்கவே கூடாது. எல்லோருக்கும் கை அதற்குத்தான் போகும், ஆனால் ஒரு தடவை உரசினாலே படிக்க வேண்டிய தடயம் நசுங்கிவிடும். தோட்டாப் பெட்டி, அன்று சுட்ட காலிக் கேஸ்கள் (தோட்டாவின் பித்தளைக் கூடுகள்) எல்லாம் சேர்ந்து வரட்டும். சுட்டவரிடம் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முந்தைய வெடியின் சத்தம் கம்மியாக இருந்ததா, உதை குறைந்ததா, போல்ட் மூடக் கஷ்டப்பட்டதா? இரண்டு நாள் போனால் மற்றவர்கள் பேச்சு அவர் ஞாபகத்தில் கலந்துவிடும்.

இனி பித்தளைக் கேஸ். எனக்கு ஒரே ஒரு பொருளைத்தான் தருவேன் என்றால் இதைத்தான் கேட்பேன், குழலை அல்ல. ஒரு கணக்குச் சொல்கிறேன். 300 மீட்டர் போர்வெல்லில் மோட்டார் தள்ளும் தண்ணீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோ. .30-06 ரகத் தோட்டா போடும் பெரிய ரைபிளில், தோட்டா உட்காரும் அறைக்குள் அனுமதிக்கப்பட்ட உச்சம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 4,200 கிலோவுக்கு மேல். அந்த அழுத்தத்தைத் தாங்குவது எஃகு அறையும் போல்ட்டும்தான். கேஸ் பித்தளை என்பதால் மென்மையாக இருக்கும், அங்கே நடந்ததெல்லாம் அதில் அச்சாக விழுந்துவிடும்.

அழுத்தம் எல்லை மீறியிருந்தால் கேஸின் அடிப்பகுதி விரிந்திருக்கும். பிரைமர் (ஊசி தட்டியதும் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டையாகி ஓரம் வரை நிறைந்திருக்கும், இல்லை குழி தளர்ந்து விழுந்தே போயிருக்கும். போல்ட் முகத்தில் உள்ள பள்ளங்களுக்குள் பித்தளை வழிந்து பளபளவென்று தடம் விட்டிருக்கும். ஆனால் தட்டையான பிரைமரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். போல்ட்டுக்கும் கேஸுக்கும் நடுவில் இடைவெளி அதிகமானாலும் பிரைமர் தட்டையாகும். அந்த இடைவெளிதான் காரணம் என்றால் வேறு அடையாளம் உண்டு. அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே கேஸைச் சுற்றி வளையமாக விரிசல் இருக்கும். அதே துப்பாக்கியில் முன்பு சுட்ட கேஸுக்குள் நுனி வளைத்த மெல்லிய கம்பியை விட்டு இழுத்தால் அதே இடத்தில் ஒரு பள்ளம் தட்டும். போல்ட் முழுதாகப் பூட்டாமல் வெடித்திருந்தால் கேஸ் பக்கவாட்டில், வெளியே நீண்டிருந்த இடத்தில் பிய்ந்திருக்கும். அப்போது போல்ட்டின் லக்குகளில், அதாவது அதைப் பூட்டிப் பிடிக்கும் முண்டுகளில், அறுந்த அடையாளமே இருக்காது. அடியில் பொறித்த எழுத்தையும் படியுங்கள், வேறு ரகத் தோட்டா மாறிப் போனதும் உண்டு.

தம்பியின் கேஸ் சாதாரணமாக இருந்தது. பிரைமர் ஓரம் உருண்டையாக இருந்தது. போல்ட்டும் லேசாகத் திறந்தது, லக்குகளின் இருக்கையில் பள்ளம் விழவில்லை. அப்படியென்றால் அறைக்குள் வழக்கமான அழுத்தம்தான். தோட்டாவைக் குறை சொன்னவர்கள் சொல் அங்கேயே அடிபட்டுப் போனது. கோளாறு குண்டு போன வழியில், அறைக்கு வெகு தூரம் முன்னால்.

எங்கே உடைந்தது என்பது அடுத்த கேள்வி. அறைப்பக்கம் சிதறினால் அழுத்தம், பூட்டு, எஃகு என்று அந்தத் திசையில் போக வேண்டும். குழலின் நடுவிலோ முனைப்பக்கமோ மோதிரம் மாதிரிச் சுற்றிலும் வீங்கியிருந்தால், அல்லது வீங்கிக் கிழிந்திருந்தால், உள்ளே ஏதோ அடைத்திருந்தது என்று பாதி முடிவுக்கு வரலாம். முந்தைய குண்டு வெளியேறாமல் நின்றிருக்கும், துடைத்த துணி மாட்டியிருக்கும், மண் புகுந்திருக்கும். தம்பியின் ரைபிளில் முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே அந்த வீக்கம் தெளிவாக இருந்தது. கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கியது.

உடைந்த முகத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பம்ப் ஷாப்ட் சாவிக் காடி (சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) மூலையில் நாள்பட விரிந்து உடைந்தால் சிப்பி ஓட்டின் வரிகள் மாதிரி வளைவு வளைவாகத் தெரியும். அதுதான் களைப்பு முறிவு. விரிசல் பழசு என்றால் அந்தப் பாகம் துருவோ எண்ணெய்க் கறையோ ஏறிக் கறுத்திருக்கும். உப்புக் கல்லை உடைத்த மாதிரி மினுமினுப்பாக இருந்தால் எஃகு நொறுங்கும் தன்மை. மங்கலாக, நார்நாராக, ஓரம் சாய்வாக இருந்தால் நல்ல எஃகு தாங்க முடியாத பாரத்தில் கிழிந்தது. எங்கள் கையில் இருந்தது இந்தக் கடைசி வகை. முகம் முழுக்கப் புதிது, பழைய கறை இல்லை.

எஃகைச் சந்தேகப்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளில் 800,000க்குக் கீழ் எண் போட்டவற்றின் ரிசீவர்கள் (போல்ட் ஓடிப் பூட்டும் எஃகு உடல்) சில நொறுங்கின. பழுக்கக் காய்ச்சிய எஃகின் சூட்டை ஆட்கள் நிறத்தைப் பார்த்தே கணித்திருக்கிறார்கள். வெயில் நாளில் கண்ணுக்கு நிறம் மங்கலாகத் தெரியும், அதனால் கூடுதலாகக் காய்ச்சிவிட்டார்கள். சூடு அளக்கும் கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் அது பிடிபட்டது. எங்கள் பவுண்டரியில் உருக்கின் சூட்டை நான் கண்ணளவுக்கு விட்டதே இல்லை. ஆனால் எஃகைக் குற்றம் சொல்வதற்கு முன் முறிவு முகமும் கடினத்தன்மைச் சோதனையும் அதைச் சொல்ல வேண்டும். பெரிய காயமோ வழக்கோ என்றால் இதெல்லாம் தடய அறிவியல் கூடத்தின் வேலை. நாம் செய்ய வேண்டியது தடயத்தைக் கெடுக்காமல் கொடுப்பது.

சரி, அடைத்தது எது? கிழிசலின் உள்பக்கம், குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் காடிகளின் மூலையில், செங்கல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. துரு என்றுதான் முதலில் நினைத்தேன். ஊசியால் நிமிண்டினால் மாவாக உதிர்ந்தது, லென்ஸில் மணல் துகள் தெரிந்தது. காந்தத்தில் ஒட்டவில்லை.

துப்பாக்கி எங்கே இருந்தது என்று கேட்டேன். தோட்டத்து வீட்டில், கிணற்று மேட்டைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில், உறையில்லாமல் முனை மேல்நோக்கி. அதே தாங்கியில் அவர்களுடைய ஒற்றைக்குழல் துப்பாக்கியும் இருந்ததாம். அதற்கும் உரிமம் உண்டு. அதையும் கடைக்குக் கொண்டுவரச் சொன்னோம். கடைக்காரர் காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு, பின்பக்கமிருந்து கம்பியை மெதுவாக விட்டுத் தள்ளினார். முனையிலிருந்து ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு மண்கட்டி வெளியே வந்தது. குளவிக் கூடு. உடைத்தால் உள்ளே குளவி தன் புழுவுக்கு அடைத்து வைத்த சிலந்திகள் காய்ந்து கிடந்தன. அந்த மண்ணையும் ரைபிளில் சுரண்டியதையும் ஒரே வெள்ளைக் காகிதத்தில் பக்கம் பக்கமாகக் கொட்டி லென்ஸில் பார்த்தோம். நிறம் ஒன்று, மணல் ஒன்று. தம்பி வெகு நேரம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.