சொந்தக் கட்டுரையைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்துக்குச் சமையல் குறிப்பு எழுதப் புதிதாக வருகிறவர்கள் பலர் நன்றாகவே எழுதுகிறார்கள். எழுதி முடித்துத் திருத்த உட்காரும்போதுதான் புதுப் பிழைகள் நுழைகின்றன. ல, ள, ழ தடுமாற்றத்தைப் பெரும்பாலும் ‘வாணி’ போன்ற பிழைதிருத்தி காட்டிவிடும், அதை விட்டுவிடலாம். அத்தகைய திருத்தியில் எளிதில் சிக்காதவைதான் இங்கே.

‘அனைத்தையும் மாற்று’

எத்தனை முறை சொன்னாலும் இது ஓய்வதில்லை. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

ஒருவர் சட்னிக் குறிப்பில் ‘கடலை’ என்று எழுதியிருந்தார். எந்தக் கடலை என்று வாசகர் குழம்பக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் தேடி மாற்றும் வசதியைத் திறக்கும் கண்ட்ரோல் எச் அழுத்தி, பக்கம் முழுவதும் ‘கடலை’யை ‘நிலக்கடலை’ ஆக்கிவிட்டார். ‘பொட்டுக்கடலை’ ‘பொட்டுக்நிலக்கடலை’ ஆனது. முன்பே சரியாக இருந்த ‘நிலக்கடலை’ ‘நிலக்நிலக்கடலை’ ஆனது. இவையாவது கண்ணை உறுத்தும். கீழே பஜ்ஜிக்கு இருந்த ‘கடலை மாவு 2 கப்’ சத்தமில்லாமல் ‘நிலக்கடலை மாவு 2 கப்’ ஆகியிருந்தது. இலக்கணப்படி குறையே இல்லை. எந்தத் திருத்தியும் அதற்குக் கீழே கோடு போடாது. நிலக்கடலை ஒவ்வாதவர் இந்தக் குறிப்பை ஒதுக்கிவிட்டுப் போவார். இதே மாற்றம் எதிர்த்திசையில் நடந்து நிலக்கடலையின் பெயர் மறைந்திருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து.

கணினி சொல்லைத் தேடுவதில்லை, எழுத்து வரிசையைத் தேடுகிறது. ‘கடலைப் பார்த்தபடி’ என்று எழுதியிருந்தால் அந்தக் கடலும் தப்பாது. ‘முழுச் சொல் மட்டும்’ என்று குறித்தால் பொட்டுக்கடலை பிழைக்கும், கடலை மாவு பிழைக்காது.

தமிழில் இதற்கு மறுபக்கமும் உண்டு: மாற வேண்டியது மாறாது. சேப்பங்கிழங்கைக் கருணைக்கிழங்கு ஆக்க ‘சேப்பங்கிழங்கு’ என்று தேடினால், ‘சேப்பங்கிழங்கை வேகவைத்து’, ‘சேப்பங்கிழங்கில் தடவி’ இரண்டும் அப்படியே நிற்கும். வேற்றுமை உருபு ஏறும்போது கடைசி எழுத்து மாறிவிடுவதே காரணம். பொருள் பட்டியலில் ஒரு கிழங்கு, செய்முறையில் வேறொன்று.

எனவே கடைசி எழுத்தை விட்டுவிட்டு ‘சேப்பங்கிழங்’ என்று தேடுங்கள். ஒவ்வோர் இடமாக நின்று, முழு வாக்கியத்தையும் படித்து, கையால் மாற்றுங்கள். முந்தைய சொல்லின் ஒற்றையும் பாருங்கள்: ‘அந்தச் சேப்பங்கிழங்கை’ என்பது ‘அந்தக் கருணைக்கிழங்கை’ ஆக வேண்டும். ‘அந்தச் கருணைக்கிழங்கை’ என்று நின்றால் இங்கே ஏதோ மாற்றப்பட்டிருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். முடித்ததும் பழைய சொல்லை மறுபடி தேடி, ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதி செய்யுங்கள்.

ஒரே மாதிரி தெரியும் எழுத்துகள்

‘கௌரவம்’, ‘கெளரவம்’ இரண்டும் திரையில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவதில் இருப்பது எகரக் கொம்பும் ளகரமும். சரியாகத் தட்டச்சு செய்து தேடுகிறவருக்கு உங்கள் பக்கம் அகப்படாமல் போகலாம். மௌனம், பௌர்ணமி, சௌகரியம், ஔவை என்று சொல் சொல்லாகத் தேடிச் சரிபாருங்கள். இங்கேயும் எகரக் கொம்பையும் ளகரத்தையும் மொத்தமாக மாற்றினால் வெள்ளரிக்காயும் வெள்ளமும் உடைந்துபோகும். எகரத்துக்குப் பதில் தமிழ் எண் 7 (௭) விழுவதும் உண்டு; அந்தக் குறியை மட்டும் ஒருமுறை தேடுங்கள்.

வேண்டாத ஒற்று

‘வறுத்தப் பருப்பு’, ‘நறுக்கியத் தக்காளி’ தவறு. இத்தகைய பெயரெச்சத்துக்குப் பின் ஒற்று மிகாது: வறுத்த பருப்பு, நறுக்கிய தக்காளி. ‘ஐ’, ‘கு’ வெளிப்படையாக வந்தால் மிகும்: மாவைக் கரைத்து, தாளிப்பதற்குக் கடுகு. சந்தேகம் இருந்தால், ஒற்றுப் பிழையைச் சுட்டும் ‘நாவி’ திருத்தியில் இட்டுப் பாருங்கள்.

எழுதிய கையோடு வெளியிடுவது

ஓர் இரவு கழியட்டும்.

கணினியில் மட்டும் படிப்பது

கைபேசியில் முன்னோட்டம் பாருங்கள், வாய்விட்டுப் படியுங்கள்.

தலைப்பே முகவரியாக அமைவது

வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு அப்படியே பக்கத்தின் இணைய முகவரியாகும்போது ஒவ்வொரு குறியும் (‘ப’ என்றால் %E0%AE%AA என்று) 9 எழுத்தாக விரியும். ‘பி’ என்பதே ‘ப’வும் இகரக் குறியும் என இரண்டு குறி. மொத்தம் 200 எழுத்துதான் இடம். 22 குறிகளோடு முகவரி பாதியில் அறுந்துவிடும். வெளியிடும் முன்பே சிறிய முகவரி கொடுங்கள். பிறகு தலைப்பை மாற்றலாம், முகவரியைத் தொடாதீர்கள்.

வெளியான பின் சத்தமின்றித் திருத்துவது

எழுத்துப்பிழை என்றால் அப்படியே திருத்தலாம். அளவோ பொருளோ மாறினால் பக்கத்தின் தலையிலேயே, தேதியோடு, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன என்று எழுதுங்கள். பழைய வடிவத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். அதை வைத்துச் சமைப்பவர் சந்தேகம் வந்து உங்கள் பக்கத்துக்குத் திரும்பும்போது, அந்தத் திருத்தக் குறிப்புதான் அவருக்கு விவரம் சொல்லும்.