பாறை ஓவியத்தைப் படமெடுக்க, முதலில் மொட்டை மாடியில் பழகுங்கள்

வட சென்னையில் இருக்கும் நமக்குப் பாறை ஓவியம் பார்க்க வேண்டுமென்றால் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலை மாதிரி ஊர்களுக்குத்தான் போக வேண்டும். ஆனால் படமெடுக்கப் பழக தண்டையார்பேட்டை மொட்டை மாடியே போதும். கீழ்வாலையில் இருப்பவை செங்காவி ஓவியங்கள். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் காவிக்கல்லிலும் அதேதான் இருக்கிறது.

படி 1: சும்மா கிடக்கும் அம்மியை மாடிக்கு ஏற்றுங்கள். காவிக்கல்லைத் தண்ணீரில் குழைத்து, விரலால் ஒரு மனித உருவம் வரையுங்கள். காய்ந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். கோடு இருக்கிறதா இல்லையா என்று கண்ணே தடுமாற வேண்டும். அதுதான் உங்கள் பழகு பாறை.

படி 2: விலை உயர்ந்த கேமரா வேண்டாம். புரோ மோடு (கேமரா அளவுகளை நாமே மாற்றும் வசதி) உள்ள போன், ஒரு டிரைபாட், சரி, அவ்வளவுதான். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) ஒரே அளவில், ரா கோப்பு (போன் திருத்தாத மூலப் பதிவு), 2 நொடி டைமர். போன் கல்லுக்கு நேர் இணையாக இருக்கட்டும்.

படி 3: வெளிச்சம். பாதி நம் திறமை இங்கேதான். நேர் வெயிலில் காவி வெளிறிவிடும். பாதி வெயில் பாதி நிழல் என்றால் இன்னும் மோசம். யாரையாவது கறுப்புக் குடை பிடிக்கச் சொல்லி முழுக் கல்லையும் நிழலாக்குங்கள். கலர் குடை வேண்டாம், அதன் சாயம் கல்லில் விழும். பிளாஷும் வேண்டாம். செதுக்கு உருவங்களுக்கு இது நேர்மாறு: இருட்டியதும் டார்ச்சை அம்மியின் ஓரத்தில் கிட்டத்தட்டப் படுக்க வைத்து அடியுங்கள். அம்மி கொத்துபவர் போட்ட உளிக்குழி ஒவ்வொன்றும் தன் நிழலோடு எழுந்து நிற்கும்.

படி 4: அளவுகோல் இல்லாத படம் ஆவணம் ஆகாது. 10 செ.மீ. ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள், ஒட்டாதீர்கள். முதலில் பாறை முழுவதும், அப்புறம் நெருக்கம்.

படி 5: கணினியில் இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள், அதனுடன் ஜான் ஹார்மன் உருவாக்கிய டிஸ்ட்ரெச் என்ற துணை நிரல். நம் கண்ணுக்குப் பிரிந்து தெரியாத நிற வேறுபாடுகளை அது இழுத்துப் பெரிதாக்குகிறது. அதிலுள்ள நிறத் தேர்வுகளில் சிவப்புக்கு ஒய்ஆர்இ, எல்ஆர்இ; கறுப்புக்கு ஒய்பிகே. துடைத்த உருவம் திரையில் மறுபடி தெரியும். பாறையின் இயல்பான இரும்புக் கறையும் கூடவே சிவக்கும் என்பதால், மூலப் படத்தோடு ஒப்பிடாமல் எதையும் ஓவியம் என்று முடிவு கட்டாதீர்கள்.

கை பழகியதும் கிளம்பலாம். பாதுகாக்கப்பட்ட இடமென்றால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அங்கே போனபின் தயவுசெய்து ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஒரு நிமிடம் நிறம் பளிச்சென்று வரும். காயும்போது கல்லிலுள்ள உப்பு மேலே வந்து படிந்து ஓவியத்தை மூடும். சாக்பீஸால் கோடு இழுப்பதும் அதே கொடுமை. தெளிவாக்கும் வேலை எல்லாம் கணினிக்கு. அன்று இரவே படங்களை ஊர், பாறை எண், தேதி என்று பெயரிட்டு இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள்.