மின் ஒப்பந்தத் தொழில்: உரிமம் எடுப்பதிலிருந்து பணம் கைக்கு வரும்வரை

பிறரிடம் பல ஆண்டுகள் வயரிங் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘லைசென்ஸ்’ என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று தனித்தனிச் சான்றுகளைக் குறிப்பிட்டு வருகிறோம். கம்பியைத் தொட்டு வேலை செய்பவருக்கு உரியது தகுதிச் சான்று. வேலையை ஒப்புக்கொண்டு அதற்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்துக்கு உரியது ஒப்பந்தக்காரர் உரிமம். குறிப்பிட்ட ஒரு கட்டடத்தில் குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்வதற்கு உரியது பணி அனுமதி. முதல் இரண்டும் கையில் இருப்பதாலேயே மூன்றாவதும் கிடைத்துவிட்டதாக எண்ணி வேலையைத் தொடங்கியவர்கள்தாம் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள்.

உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படுபவை ஊருக்கு ஊர் மாறினாலும், பயிற்சிச் சான்று, அனுபவச் சான்று, தகுதி பெற்ற மேற்பார்வையாளரின் ஒப்புதல், சோதனைக் கருவிகள், காப்பீடு ஆகியவை பொதுவாக இடம்பெறும். இவற்றில் பலரைத் தடுமாற வைப்பது அனுபவச் சான்றுதான். ‘இவர் எங்களிடம் நன்றாக வேலை பார்த்தார்’ என்ற ஒற்றை வரி எந்த அலுவலகத்திலும் செல்லாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த மின்னழுத்தத்தில், எவ்வகை வேலை, யாருடைய மேற்பார்வையில் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். வேலையை விட்டு விலகிய பிறகு பழைய முதலாளியிடம் போய் நிற்பதைவிட, அங்கே இருக்கும்போதே ஆண்டுக்கு ஒரு முறை எழுதி வாங்கி வைப்பது நல்லது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உரிமம் மேற்பார்வையாளர் ஒருவரின் சான்றை நம்பி வழங்கப்பட்டிருந்தால், அவர் விலகும் நாளில் உரிமமே ஆட்டம் கண்டுவிடும் என்பதால், இரண்டாவதாக ஒருவரைத் தகுதிச் சான்றுக்குத் தயார்படுத்துவதைத் தள்ளிப்போடக் கூடாது.

விதிகளைப் பொறுத்தவரை, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60364 தரநிலைதான் பல நாடுகளின் வயரிங் விதிகளுக்கு அடிப்படை, பிரிட்டனின் பி.எஸ். 7671 அந்த வழியில் வந்தது. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை திருத்தப்படுகிறது, ஆனால் அங்குள்ள மாநிலங்கள் எல்லாம் ஒரே பதிப்பைப் பின்பற்றுவதில்லை. ஆகவே புத்தகம் வாங்கும் முன், இப்போது நடைமுறையில் உள்ள பதிப்பு எது என்று உரிமம் வழங்கும் அலுவலகத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

பணி அனுமதியும் அதையொட்டி வரும் ஆய்வும் பெரும்பாலோருக்குத் தலைவலியாகத் தோன்றுகின்றன. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. சுவருக்குள் கன்டியூட் (கம்பி செல்லும் குழாய்) பதித்து முடித்த மறுநாளே, ஆய்வாளர் வருவதற்குள், கொத்தனார்கள் பூச்சு வேலையை முடித்துவிட்டார்கள். ஆய்வு எப்போது என்று அவர்களிடம் நான் சொல்லவே இல்லை. மூன்று இடங்களில் பூச்சை உடைத்துக் காட்ட நேர்ந்தது. உடைத்த செலவும் மீண்டும் பூசிய செலவும் என் தலையில் விழுந்தன. அன்றிலிருந்து, மூடுவதற்கு முன் நடக்க வேண்டிய ஆய்வின் தேதியைக் கட்டட வேலையின் கால அட்டவணையிலேயே எழுதச் சொல்கிறேன். ஒவ்வொரு சுவரையும் மூடும் முன் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துவிடுகிறேன்.

ஆய்வாளர் வரும் முன் நாமே சோதித்து எழுதி வைப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்து, மின்னணுக் கருவிகளைக் கழற்றிவிட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மெக்கரின் (காப்புத் தடையை அளக்கும் கருவி) ஒரு முனையிலும் எர்த்தை மறுமுனையிலும் கொடுத்து, 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் (டி.சி.) கம்பி உறையின் காப்புத் தடையை அளக்க வேண்டும். வழக்கமான வீட்டு மின்சுற்றுக்கு ஐ.இ.சி. தரநிலை கேட்கும் குறைந்தபட்ச அளவு 1 மெகா ஓம். ஆனால் புதிய வயரிங்கில் நூற்றுக்கணக்கான மெகா ஓம் வர வேண்டும். அங்கே 3 அல்லது 4 என்று முள் நின்றால், விதிப்படி தேறிவிட்டதே என்று நான் விட்டுவிட மாட்டேன். குழாய்க்குள் ஈரம் தங்கியிருக்கலாம், எங்கோ ஓர் ஆணி கம்பியின் உறையைக் கிழித்திருக்கலாம். அதேபோல், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) அந்தக் கசிவு மின்னோட்டத்தில் 300 மில்லி நொடிக்குள் துண்டிக்கிறதா என்பதைக் கருவியால் அளந்து எழுத வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மட்டும் அழுத்திப் பார்ப்பது போதாது.

அனுமதி எடுக்காமல் வேலை செய்பவர் நம்மைவிடக் குறைந்த விலை சொல்வார். அவரோடு விலையில் போட்டியிட முயல்வது வீண். அனுமதிக் கட்டணம், சோதனை, நிறைவுச் சான்று ஆகியவற்றை மொத்தத் தொகைக்குள் புதைக்காமல் விலைப்புள்ளியில் தனி வரிகளாகக் காட்டினால், மற்றவரின் விலைப்புள்ளியில் அவை இல்லாதது வாடிக்கையாளர் கண்ணில் தானே படும். தீ விபத்து நேர்ந்து காப்பீட்டுக்காரர் வந்து கேட்கும்போது நீட்ட ஒரு சான்று இருக்கிறதா என்பதை வாடிக்கையாளரிடம் பொறுமையாக விளக்குங்கள்.

இன்றைய சந்தையில் பழைய வீடுகளின் மறுவயரிங், மின்வாகன சார்ஜர், கூரைமேல் சூரிய மின்தகடுகள் ஆகிய மூன்றும் சிறு ஒப்பந்தக்காரருக்கு வாய்ப்புள்ள வேலைகள். ஆனால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும் என்பதால், முதலில் அந்த வீட்டின் மொத்தச் சுமையைக் கணக்கிட வேண்டும். வெளிச்சம் இருக்கும்வரை சூரியத் தகடுகளின் பக்கம் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். அங்குள்ள நேர்மின்னோட்டத்தில் (டி.சி.) பொறி மூண்டால் எளிதில் அணையாது. உரிய பயிற்சி பெறாமல் இவ்வேலைகளை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தாமிரத்தின் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குவதால், விலைப்புள்ளி எத்தனை நாள் செல்லும் என்பதை அதிலேயே குறிப்பிடுங்கள். பணத்தைக் கேபிள் வாங்கும் முன், சுவர் மூடும் முன், மின்சாரம் கொடுக்கும் முன் எனத் தவணைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டுமான நிறுவனத்தின் கீழ் வேலை எடுத்தால், வேலை முடிந்த பிறகும் அவர்கள் நம் பில்லிலிருந்து பிடித்து வைக்கும் தொகை எந்தத் தேதியில் விடுவிக்கப்படும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கூடுதலாக ஒரு பிளக் பாயின்ட் கேட்டாலும், அதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே சுவரில் கை வையுங்கள். கடைசித் தவணைக்கான பில்லோடு சோதனை அளவுகள், நிறைவுச் சான்று, சுவர்ப் படங்கள் அடங்கிய கோப்பைக் கொடுத்துவிட்டு, எந்த எம்.சி.பி. (மின்சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச்) எந்த அறைக்கு உரியது என்ற அட்டவணையை, அவை பொருத்தப்பட்ட டி.பி. பெட்டியின் கதவுக்கு உட்புறத்தில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.