எஞ்சின் லைட் எரிகிறதா? முதலில் கோட் நம்பரைக் கேளுங்கள்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகும்போது டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் லைட் எரிந்தால் பதற வேண்டாம். அசையாமல் எரிந்தால் மெதுவாகக் கராஜ் வரை ஓட்டலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரங்கட்டுங்கள். பெற்றோல் சரியாக எரியாமல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் விலை கூடிய கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கருக்கிவிடும். சிவப்பு ஒயில் லைட் என்றால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

அப்புறம் கோட், அதாவது வண்டியின் கம்பியூட்டர் பதிந்து வைக்கும் பழுது நம்பர். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சொக்கெட் இருக்கும், அதில் கோட் வாசிக்கும் ஸ்கானரைப் பொருத்தினால் நம்பர் வரும். சில பழைய ஜப்பான் வண்டிகள் மலிவான ஸ்கானருக்குப் பதில் சொல்லாது.

கோட் பழுதான பாகத்தின் பெயர் அல்ல, அறிகுறி மட்டும்தான். காய்ச்சல் என்று தெரிந்தால் போதுமா, காரணம் தெரிய வேண்டாமா? பீ0171 (P0171) என்றால் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் போகவில்லை. கராஜில் உடனே, புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சரை மாற்றச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். வெடித்த காற்றுக் குழாய், கிறவல் தூசி படிந்த காற்றுச் சென்சர், அடைத்த பெற்றோல் பில்டர், இவற்றை முதலில் பார்க்கட்டும்.

பீ0301 என்றால் முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் அதன் கொயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோட் பீ0302 ஆக மாறினால் கொயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக்கைப் பாருங்கள்.

பற்றறி வயரைக் கழற்றினால் பல வண்டிகளில் கோட் அழிந்துவிடும். அதற்கு முன் நம்பரைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.