கல்லூரிக் கூடைப்பந்து அணியைக் கையில் எடுக்கும் முதல் வருடம்

திருச்சி பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் 19 வருடம் கூடைப்பந்துக் கோச்சாக இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன ஆட்டமுறை சொல்லிக்கொடுக்கலாம் மேடம்?" என்றுதான். முதல் வாரம் ஆட்டமுறையே வேண்டாம். பிள்ளைகளின் ஷூவைப் பாருங்கள்.

என் முதல் வருடத்தில், நன்றாக ஓடக்கூடிய ஒரு பெண் அண்ணனின் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு சைஸ் பெரிது. நான் கவனிக்கவில்லை. நாலாம் நாள் குதிகாலில் பெரிய கொப்புளம். அந்த வருடம் அவளால் ஸோனல் (மண்டல அளவிலான போட்டி) ஆடவே முடியவில்லை. அப்புறம்தான் ஜான் வுடனைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் யுசிஎல்ஏ அணிக்கு 10 தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். அவர் ஒவ்வொரு சீசனின் தொடக்கத்திலும் முதலில் கற்றுக்கொடுத்தது சாக்ஸைச் சுருக்கமில்லாமல் போடுவதும் லேஸை இறுக்கிக் கட்டுவதும்தான். நம்முடைய சிமெண்ட் கோர்ட்டுக்கு இது இன்னும் அவசியம். சாக்ஸை விரல் நுனியிலிருந்து குதிகால் வரை நீவிவிடச் சொல்லுங்கள். அதை நீங்களும் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள்.

அடுத்தது அட்டை. வுடன் அன்றைய பயிற்சியை நிமிடக் கணக்கில் சின்ன அட்டையில் எழுதிக்கொண்டுதான் களத்துக்கு வருவார். எங்களுக்குக் கிடைத்தது காலை 6 மணி முதல் 7.45 வரை, 9 மணிக்கு வகுப்பு. அதனால் முந்தின இரவே எழுதிவிடுவேன்: 6.00 உடம்பைச் சூடாக்குதல், 6.15 இடது கை லே-அப் (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவது), 6.25 இரண்டு பேருக்கு ஒருவர் தடுப்பு, 6.40 ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). நேரம் முடிந்தால், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் அடுத்ததற்கு மாறிவிட வேண்டும். ஃப்ரீ த்ரோவை, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று கூடைக்குள் பந்து போடுவதை, மட்டும் கடைசிக்கு வையுங்கள். மேட்சில் அந்த 4.6 மீட்டர் கோட்டில் நிற்கும்போது மூச்சு வாங்கிக்கொண்டுதான் நிற்பார்கள். பயிற்சியிலும் அப்படியே போட்டுப் பழகட்டும். எழுதிய அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்றாம் வருடம் எடுத்துப் பார்த்தபோதுதான், இடது கைக்கு நான் ஒதுக்கிய நேரம் எவ்வளவு குறைவு என்று எனக்கே தெரிந்தது.

பயிற்சியில் நீளமாகப் பேசாதீர்கள். 1974-75 சீசனில் இரண்டு உளவியலாளர்கள் வுடனின் பயிற்சியில் உட்கார்ந்து, அவர் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டார்கள். முக்கால்வாசி, என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற விளக்கம்தான். பாராட்டும் அதிருப்தியும் தனித்தனியே நூற்றுக்கு ஏழு அளவில்தான் இருந்தன. நானும் ஒரு மாணவியை ஓரத்தில் உட்கார வைத்து என் பேச்சைக் குறிக்கச் சொன்னேன். ஒரே காலையில் "கமான்" என்று நாற்பது தடவை கத்தியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு, "முழங்கையை உள்ளே வை", "பந்து கைக்கு வருமுன் திரும்பிப் பார்" என்று சொல்லப் பழகினேன். பிள்ளைகள் சீக்கிரம் திருந்தினார்கள்.

ஜெர்ஸி, பயணப்படி எல்லாம் அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை, அதாவது போட்டிக்குப் போகும் நாட்களுக்கு வருகை கேட்கும் கடிதத்தை, மட்டும் நீங்களே கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் போங்கள், அதுவும் போட்டிக்கு முன்னால். கடிதம் தாமதமானதால் வருகை குறைந்து பரீட்சை எழுத முடியாமல் நின்ற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அவள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்டர்னல் தேதிகளை உங்கள் பயிற்சிக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.

முதல் வருடம் தோற்பீர்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த மைக் ஷஷெவ்ஸ்கியின் முதல் மூன்று சீசன் கணக்கு 38 வெற்றி, 47 தோல்வி. அவரை வைத்துக்கொண்டார்கள், பிற்பாடு 5 தேசியப் பட்டம் வந்தது. முதல்வர் கூப்பிட்டுக் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், கூடவே உங்கள் அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தோற்றுத் திரும்பும் பஸ்ஸில் ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம். முதலில் வயிறாரச் சாப்பிட வையுங்கள். யாருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது என்று பாருங்கள், வீட்டுக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். மறுநாள் காலை ஓய்வு கொடுத்துவிடுங்கள். அதற்கு அடுத்த நாளுக்கான அட்டையை மட்டும் அன்றிரவே எழுதி வையுங்கள்.