புது வீட்டுக்கு ஒரு ஜெபப் பெட்டி: நான் கட்டுகிற விதம்

புது வீட்டுக்குக் குடி போகிற பிள்ளைகளுக்குப் பாத்திரமும் சுவர்க் கடிகாரமும் வாங்கிக் கொடுக்க ஆள் நிறைய உண்டு. சில வீடுகளில் கடிகாரம் மட்டுமே மூன்று சேர்ந்துவிடும். ஞானத்தாயாக என் பங்குக்கு நான் கொடுப்பது ஒரு அட்டைப் பெட்டி. அதில் எதை வைப்பதென்று தீர்மானிக்க ஒரே கேள்விதான்: குடி போன அன்று ராத்திரி இதை வைத்து அந்தக் குடும்பம் ஜெபம் பண்ணுமா? அலமாரியில் அழகுக்கு நிற்கத்தான் ஆகும் என்றால் கடையிலேயே விட்டுவிடுவேன். கலர் பல்பு சுற்றி எரிகிற படங்களுக்கு என் பெட்டியில் இடம் கிடையாது.

முதல் பொருள் பாடுபட்ட சுரூபம். வெறும் சிலுவை அல்ல, ஆண்டவரின் திருவுடல் உள்ளது. ஒரு சாண் உயரம் தாராளம். மரத்தில் செய்ததென்றால் கனமும் குறைவு. கடையில் எல்லாரும் முகத்தைப் பார்த்து வாங்குவார்கள். நான் திருப்பி முதுகைப் பார்ப்பேன். மாட்டுகிற வளையம் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா? பசை என்றால் வேண்டாம், ஒருநாள் கழன்று விழும். அப்புறம் திருவுடலின் கை, கால்களில் இருக்கும் சின்ன ஆணிகளை விரல் நுனியால் லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் வேறொன்று எடுங்கள்.

சுரூபத்தோடு ஆணியும் வைக்க வேண்டும். குடி போன அன்றைக்கு எந்த மூட்டையில் ஆணி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. என் தங்கை மகளுக்குக் கட்டும்போது அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: “வாடகை வீடு பெரியம்மா, சுவர்ல ஆணி அடிக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரர் கண்டிஷன் போட்டிருக்கார்.” அப்படியானால் ஒட்டுகிற கொக்கி. எத்தனை கிராம் தாங்கும் என்று அதன் அட்டையிலேயே போட்டிருக்கும். சுரூபத்தைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்து, அதைப்போல் இரண்டு மடங்கு தாங்குகிற கொக்கியாக வாங்குங்கள்.

இதையெல்லாம் மந்திரித்து, அதாவது குருவின் ஜெபத்தால் ஆசீர்வதித்துக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா என்று கேட்பார்கள். சுரூபத்தையும் படத்தையும் நான் மந்திரிக்காமல்தான் கொடுக்கிறேன். வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் (குரு) வரும்போது அவர் கையாலேயே அந்தப் பிள்ளைகள் முன்னிலையில் மந்திரிக்கட்டும். அவரைக் கூப்பிட அதுவும் ஒரு காரணமாகும். ‘மந்திரித்தது’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிற கடை பக்கமே போகாதீர்கள். ஆசீருக்கு விலை வைப்பது திருச்சபைக்கு ஆகாத காரியம். புனிதர்களின் திருப்பண்டங்களை, அதாவது அவர்கள் உடலின் எலும்பு போன்ற எச்சங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆம் எண் அறவே தடை செய்கிறது. அதனால் இணையத்தில் விலைக்கு வருகிறதென்றால் ஆசைப்படவே வேண்டாம்.

அடுத்தது தீர்த்தம், அதாவது மந்திரித்த தண்ணீர். கோயிலில் பிடித்த தீர்த்தத்தை இறுக்கமான திருகுமூடி போட்ட சின்ன பாட்டிலில் ஊற்றி, மேலே ‘தீர்த்தம்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எழுதாவிட்டால் சாமான் ஏற்றி இறக்க வந்த யாராவது தாகத்துக்குக் குடித்துவிடுவார்கள். வாசல் பக்கம் மாட்டுகிற சின்னத் தீர்த்தக் கிண்ணம் ஒன்றும் இருந்தால், போகும்போதும் வரும்போதும் விரல் நனைத்துச் சிலுவை அடையாளம் போடலாம். நாம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதை அது நினைப்பூட்டும். நாள்பட்ட தீர்த்தத்தைச் சாக்கடையில் கொட்டாமல் மண்ணிலோ செடிக்கோ ஊற்றச் சொல்லுங்கள்.

மெழுகுதிரி இரண்டு, தீப்பெட்டி ஒன்று. வாசனைத் திரி வேண்டாம். பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளில் மந்திரித்த திரி வீட்டில் மீதி இருந்தால் அதுவே போதும்.

பைபிளை மட்டும் அவசரத்தில் வாங்காதீர்கள். கத்தோலிக்கப் பைபிள்தானா என்று பொருளடக்கத்தைத் திறந்து எண்ணுங்கள்: பழைய ஏற்பாட்டில் 46, புதியதில் 27, ஆக 73 நூல்கள் இருக்க வேண்டும். எண்ணப் பொறுமை இல்லையென்றால் தோபித்து, மக்கபேயர் என்ற நூல்கள் இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஏனென்றால் முதல் ராத்திரி நல்ல விளக்குகூட மாட்டியிருக்க மாட்டார்கள். நான் மூன்று இடத்தில் நாடா வைப்பேன். முதலாவது லூக்கா 10:5. எந்த வீட்டுக்குள் போனாலும் ‘இந்த வீட்டுக்கு அமைதி உண்டாகுக’ என்று முதலில் சொல்லுங்கள் என ஆண்டவர் சொன்ன இடம். இரண்டாவது லூக்கா 19, சக்கேயு. மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்த மனுஷன் வீட்டுக்கு ஆண்டவர் தானாகவே விருந்தாளியாகப் போகிறார். வீட்டைப் பெருக்கிக்கூட வைத்திருக்க மாட்டான் பாவம். மூட்டை பிரிக்காத வீட்டில் வாசிக்க இதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியாது. மூன்றாவது, ஆண்டவர் கட்டாத வீட்டைக் கட்டுகிறவர்களின் பாடு வீண் என்கிற திருப்பாடல் 127. சொந்த வீடு கட்டி முடித்தவர்களுக்கு மட்டும் இது. ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கட்டி ஓய்ந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஆமென் சொல்வார்கள்.

திரு இருதய ஆண்டவர் படம் வைக்கலாமா? கேட்டுவிட்டு வையுங்கள். பிரான்சின் பாரே-லெ-மோனியாலில் 1673 முதல் 1675 வரை புனித மார்கரீத் மரியா கண்ட காட்சிகளிலிருந்து பரவிய பக்தி இது. வீடுகளில் படத்தை அரியணையேற்றும் முயற்சியை 1907-இல் தொடங்கியவர் மத்தேயோ குரோலி என்ற குரு. அரியணையேற்றம் என்பது படம் மாட்டுவதோடு முடிவதல்ல, இந்த வீட்டுக்கு ஆண்டவரே அரசர் என்று குடும்பம் கூடி ஒப்புக்கொடுப்பது. அந்தத் தீர்மானத்தை நாம் தபாலில் அனுப்ப முடியாது. அவர்கள் சரி என்றால், எந்தச் சுவர், என்ன அளவு என்பதையும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

புனித பெனடிக்ட் பதக்கம் சின்னது, பெட்டியில் இடமும் அடைக்காது. இப்போது எங்கும் கிடைக்கிற வடிவம், புனிதர் பிறந்து 1400 ஆண்டு ஆனதை ஒட்டி 1880-இல் வந்தது. அதன் விளிம்பில் உள்ள லத்தீன் எழுத்துகள் ‘சாத்தானே, அப்பாலே போ’ என்று தொடங்கும் ஜெபத்தின் முதலெழுத்துகள். இதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைக்காவிட்டால் பதக்கம் தாயத்தாகிவிடும். மந்திரித்த பொருள்கள் ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனங்களைப் போல அருளைத் தருவதில்லை, திருச்சபையின் ஜெபத்தால் அருளைப் பெற நம்மைத் தயார்ப்படுத்துகின்றன என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1670-ஆம் எண்ணில் சொல்கிறது. மந்திரித்த உப்புக்கும் இதே பேச்சுதான். நாலு மூலையிலும் தூவிவிட்டு ஜெபத்தை மறந்துவிடுகிற வீடு என்றால் உப்பைத் தவிர்ப்பது நல்லது.

குடி போவது, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் திருநாளை ஒட்டி வந்தால் மந்திரித்த சுண்ணக்கட்டி ஒன்று. 2026 என்றால் வாசல் நிலைமேல் 20, சி, எம், பி, 26 என்று நடுநடுவே சிலுவைக்குறி போட்டு எழுதுவார்கள். ‘கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக’ என்பதற்கான லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற அந்த ராஜாக்களின் பெயர்களும் அதற்குள் அடங்கும்.

ஜெபமாலை நூலில் கோர்த்ததாக இருக்கட்டும். மெல்லிய சங்கிலி சீக்கிரம் அறுந்துவிடும்.

இனி சொல்லப்போவதற்குக் காசு செலவில்லை, ஆனால் பெட்டியிலேயே அதிக நேரம் பிடிப்பது இதுதான். கெட்டி அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டு. அதில் குடும்பத்தின் தேதிகளை என் கையால் எழுதுவேன். ஒரு பக்கம் ஞானஸ்நானம், முதல் நற்கருணை, திருமணத் தேதிகள். எதிர்ப் பக்கம் இறந்தவர்கள்: பெயர், உறவு, இறந்த தேதி. தாத்தா பாட்டி வரைக்கும் யாருக்கும் தெரியும். அதற்கு மேலே போக, வயதான அத்தைக்குப் போன் போட வேண்டும், கல்லறையில் வெட்டிய எழுத்தைப் பார்க்க வேண்டும். பிறந்து சில நாளிலேயே போன குழந்தைகளையும் விடமாட்டேன். பல வீடுகளில் அவர்கள் பெயரைச் சொல்ல ஆளே இல்லை. நவம்பர் 2 சகல ஆத்துமாக்கள் திருநாளன்று அந்த நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்தால் போதும், தனி ஜெபப் புத்தகம் வேண்டியதில்லை. கடைசியில் வெற்றுத் தாள் நிறைய விடுங்கள்.

நோட்டின் உள்ளட்டையில் புதுப் பங்கின், அதாவது அவர்கள் இனி போகப்போகிற கோயிலின் விவரம்: ஞாயிறு திருப்பலி நேரம், பாவசங்கீர்த்தனம் கேட்கிற நேரம், பங்கு அலுவலகத் தொலைபேசி எண். நீங்களே கூப்பிட்டுக் கேட்டு எழுதுங்கள். குடி மாறியவர்கள் முதல் ஞாயிறு பூசையைக் கோட்டை விடுவது பெரும்பாலும் நேரம் தெரியாமல்தான். இரண்டு மூன்று ஞாயிறு போனால் அதுவே பழகிப்போகும்.

வீட்டில் ஒருவர் கத்தோலிக்கர் இல்லை, அல்லது கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்றால் பெட்டியைச் சிறிதாக்குங்கள். மெழுகுதிரி, தேதி நோட்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுரூபம். சுவரில் மாட்டுவதெல்லாம் இருவரும் சேர்ந்து கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் புத்திமதிக் கடிதம் வைக்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டி மறுபடி திறக்கப்படுவதில்லை.

அடுக்குவது இப்படி. அடியில் பைபிள், அதன்மேல் நோட்டு. சுரூபத்தைப் புதுத் துண்டில் சுற்றுங்கள். துண்டும் அவர்களுக்கு உதவும். தீர்த்த பாட்டிலைத் தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, நிமிர்த்தி ஓரமாகச் செருகுங்கள். மேலே திரி, தீப்பெட்டி, ஒரு சீட்டு. சீட்டில் நான் எழுதுவது இவ்வளவுதான்: ‘திரியை ஏற்று. லூக்கா 10:5 வாசி. ஒவ்வொரு அறையிலும் தீர்த்தம் தெளி. ஒரு பரலோக மந்திரம், ஒரு மங்கள வார்த்தை. பிறகு சாப்பிட்டுத் தூங்கு.’

வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் தீப்பெட்டியை எடுத்துவிடுங்கள், விமானத் தபாலில் போகாது. தீர்த்த பாட்டிலையும் காலியாகவே, பெயர் ஒட்டி அனுப்பலாம். அவர்கள் பங்குக் கோயிலுக்குப் போய் நிரப்பிக்கொள்ளட்டும்.