சரிபார்க்காமல் நம்புவது: மென்பொருள் பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்பொருள் துறையில் பெரும் சேதத்தை விளைவித்த தவறுகளை எடுத்துப் பார்த்தால், அவற்றுள் பல வேலை தெரியாதவர்களால் நேர்ந்தவை அல்ல. அனுபவம் உள்ளவர்களே, பாதுகாப்பு ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்று நம்பி, அது இயங்குகிறதா என்று பார்க்காமல் விட்டதால் நேர்ந்தவை. நெடுங்காலம் இத்துறையில் இருந்துவிட்டு இளையவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். அலுவலகத்துச் சர்வருக்குப் பொருந்தும் இந்த எச்சரிக்கை, நம்முடைய சேமிப்புக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

பேக்கப், அதாவது தரவின் காப்பு நகல், எடுக்கப்படுகிறது என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்கலாம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், முதன்மைச் சர்வரின் நகலை வைத்திருக்கும் துணைத் தரவுத்தளச் சர்வர் முதன்மைச் சர்வரோடு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது. துணைச் சர்வரின் தரவுக் கோப்பகத்தை அழித்துவிட்டு மீண்டும் நகலெடுக்க முனைந்த பொறியாளர், இரவு வெகுநேரம் ஆன நிலையில், அழிக்கும் கட்டளையை முதன்மைச் சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோதும் சுமார் 300 ஜிபி தரவு அழிந்துவிட்டது. உண்மையான அதிர்ச்சி அதற்குப் பிறகுதான் வந்தது. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய பேக்கப், சேமிப்பகத்தில் இல்லவே இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் அது தோற்றுப் போயிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும், அனுப்புநரைச் சரிபார்க்கும் விதிகளுக்கு உட்படாததால், பெறும் இடத்தில் நிராகரிக்கப்பட்டுவிட்டன. வேறொரு வேலைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. சேவை முழுமையாகத் திரும்பப் பல மணி நேரம் ஆனது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை. நிறுவனம் அந்தப் பொறியாளரைப் பலிகடா ஆக்காமல், நடந்தது முழுவதையும் வெளிப்படையாக எழுதி வெளியிட்டது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். அதனால்தான் நாம் இன்று இதிலிருந்து கற்க முடிகிறது.

தோல்வி நேர்ந்தால் தகவல் வரும் என்று ஏற்பாடு செய்வது போதாது. தகவல் சொல்லும் வழியே அடைபட்டிருக்கலாம். ‘வெற்றி’ என்ற செய்தி குறித்த நேரத்தில் வராவிட்டால் எச்சரிக்கை எழும்படி அமைப்பதே சரி. மாதம் ஒருமுறையாவது பேக்கப்பை ஒரு தனிச் சர்வரில் மீட்டெடுத்து, அட்டவணைகளில் பதிவுகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா, மீட்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வைக்க வேண்டும். பேக்கப்புக்கான ஸ்கிரிப்டை (கட்டளைத் தொகுப்பை) எழுதியவர் அல்லாத ஒருவர் அதைச் செய்வது இன்னும் நல்லது, ஏனெனில் எழுதியவரின் நினைவில் மட்டும் இருக்கும் படிகள் அப்போதுதான் வெளியே வரும். பயனர்கள் பயன்படுத்தும் நேரடிச் சர்வரின், அதாவது புரொடக்‌ஷன் சர்வரின், டெர்மினல் (கட்டளை கொடுக்கும் திரை) வேறு நிறத்தில் தெரியும்படி வைப்பது சிறிய வேலை. நள்ளிரவில் கண் அசரும்போது அதன் அருமை தெரியும்.

எல்லாச் சர்வர்களிலும் புதிய பதிப்பு சென்றுவிட்டது என்று கருதுவது அடுத்த தவறு. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல் சுமார் 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. எட்டுச் சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் போக, அங்கே பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களை இடைவிடாமல் அனுப்பியது. சந்தை திறப்பதற்கு முன்பே 97 மின்னஞ்சல்கள் தானாக வந்திருந்தன. ஆனால் அவை எச்சரிக்கைகளாகக் கருதப்படாததால் எவரும் அவற்றின் பேரில் செயல்படவில்லை. பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கியதால் நிலைமை மேலும் மோசமானது. பயன்படாத நிரலை ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று விடுவதும், வந்து குவியும் எச்சரிக்கை மின்னஞ்சல்களைத் தனிக் கோப்புறைக்குத் திருப்பிவிட்டு மறப்பதும் இன்று எந்த அலுவலகத்திலும் காணக்கூடிய பழக்கங்கள். யாரும் நடவடிக்கை எடுக்கத் தேவையில்லாத எச்சரிக்கையை நீக்கிவிடுவதே மேல். இல்லையேல் தேவையானதும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும்.

கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவிகளை நிரலுக்குள் எழுதிவிட்டு, பிறகு அந்த வரியை அழித்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவி பழைய வரலாற்றை அப்படியே வைத்திருக்கும். முந்தைய கமிட்டை (பதிவான மாற்றத்தை) திறக்கும் எவருக்கும் சாவி தெரியும். வரியை அழிக்கும் முன் அந்தச் சாவியைச் செல்லாததாக்கிப் புதியது எடுக்க வேண்டும். இதில் விவாதிக்க வேறொன்றும் இல்லை.

அலுவலகத்தில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள்கூடத் தங்கள் சொந்த விஷயத்தில் அசட்டையாக இருப்பதைப் பார்க்கும்போது உள்ளபடியே வருத்தமாக இருக்கிறது. வேலை மாறினால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணம் தானாகப் புதிய கணக்குக்கு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உறுப்பினருக்குரிய நிரந்தர அடையாள எண்ணான யுஏஎன் ஒன்றுதான் என்றாலும், பெயரிலோ பிறந்த தேதியிலோ சிறு வேறுபாடு இருந்தாலும், பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிவு செய்யாவிட்டாலும் மாற்றம் நின்றுவிடக்கூடும். இணையத்தில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பணத்தை எடுத்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. ஐந்து ஆண்டு தொடர் பணி நிறைவதற்குள் எடுத்தால் பொதுவாக அதற்கு வரி உண்டு. புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டாலோ பழைய நிறுவனத்தில் பணியாற்றிய காலமும் அந்த ஐந்து ஆண்டுக் கணக்கில் சேரும். நிதியாண்டின் நடுவில் வேலை மாறுபவர்கள், முந்தைய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்கவும் மறக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் இரு நிறுவனங்களும் தனித்தனியே கழிவுகளைக் கொடுத்து வரியைக் குறைவாகப் பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது மீதியை வட்டியோடு கட்ட நேரிடும்.

நிறுவனம் தரும் குழு மருத்துவக் காப்பீட்டை மட்டும் நம்பியிருப்பதை நான் மிகக் கவலையோடு பார்க்கிறேன். வேலை போனால் அந்தக் காப்பீடும் போய்விடும், அம்மா அப்பாவையும் சேர்த்துத்தான். ஆட்குறைப்பு நடந்த பிறகு, அறுபதைக் கடந்த சர்க்கரை நோயாளியான தந்தைக்குப் புதிதாகத் தனிக் காப்பீடு எடுக்கப் போனால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம். வேலையும் உடல்நலமும் நன்றாக இருக்கும்போதே தனிக் காப்பீடு ஒன்றைத் தொடங்கிவிட்டால், அந்தக் காத்திருப்புக் காலம் இப்போதே ஓடத் தொடங்கும். விலகும் தருணத்தில் குழுக் காப்பீட்டை அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிக் காப்பீடாக மாற்ற வழி உண்டா என்றும், அதற்கான கெடு என்ன என்றும் மனிதவளத் துறையிடம் கடைசி நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பிஎஃப் கணக்கில் வாரிசு நியமனத்தையும் இன்றே பாருங்கள். பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால், வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டின் கீழ் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடும். இணையதளத்தில் பெயர்களை நிரப்பி, புகைப்படமும் ஏற்றிவிட்டு, ஆதார் ஓடிபி வழியாகக் கையொப்பமிடும் கடைசிப் படியைச் செய்யாமல் வெளியேறினால் நியமனம் நிலுவையிலேயே நிற்கும். திருமணத்துக்கு முன் செய்த நியமனத்தைத் திருமணத்துக்குப் பின் புதுப்பித்துக்கொண்டு, அதன் நகலை வாழ்க்கைத்துணையின் கைக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள்.